ஒன்பது புள்ளி நாலு

காலி சீட்டுக்கு எதுக்கு பெல்ட் போடுதாரு இந்த மனுசன்? எறங்கிட்டாரு, பறக்கச் சொல்லிக் குடுக்குற கேப்டன் நஞ்சப்பன் பிளைட்ட விட்டு எறங்கி, கதவச் சாத்தாம திரும்பக் குனிஞ்சு, இவ்வளவு நேரம் தான் உக்காந்திருந்த சீட்டுல பெல்ட்ட இழுத்து மாட்டி இறுக்குதாரு, ஆளே இல்லாத சீட்டுக்கு. ஓ, சரி சரி, பெல்ட் சும்மா தொங்கிக்கிட்டுக் கெடந்தா ஓட்டுறப்ப எதுலயாவது சிக்கிரும்லா, அதுக்குத்தான். அப்போ விட்டுட்டாரு. தனியா விட்டுட்டாரு. யம்மாடி, என் மகள, பெனிட்டாவ, ஸ்கூட்டி ஓட்டிப் பழகுனப்ப நான் பின்னால உக்காந்து வண்ணார்பேட்டை முழுக்க 'பையப் போ, பையப் போ'ன்னு கத்துன பிள்ளைய, இந்தப் பொட்டக்காட்டு ஓடுபாதையில ஒரு எஞ்சினக் குடுத்துத் தனியா விட்டுட்டாரு. விடட்டும். விடத்தானே வந்தது. பாளையங்கோட்டையில பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ரோஸ்லின் மிஸ் வாராங்கன்னா வராந்தாவுல பிள்ளைக பேச்சு நிக்கும், செருப்புச் சத்தம் நிக்கும், அந்த ரோஸ்லின் மிஸ் இங்க பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கேன், சேல முந்தானைய வெரல்ல சுத்திச் சுத்தி அவுக்கேன், யாரும் பாத்திரக் கூடாது. பக்கத்துச் சேர்ல பெனி அப்பா கண்ண மூடிட்டாரு. தனராஜ் வாத்தியாருக்கு இதொண்ணு தெரியும், கஷ்டம் வந்தா கண்ண மூடி ஆண்டவர் தலையில போட்டுருவாரு. 'என்னங்க, கண்ணத் தொறங்க, பிள்ள கெளம்புதா'ங்கேன். 'நீ பாரு ரோஸி, நீ பாத்துச் சொல்லு'ங்காரு. நல்ல அப்பா.

எங்க ரெண்டு சேருக்கும் நடுவுல வாளி இருக்கு. நீல வாளி, நெறைய தண்ணி, மேல ஒரு வேப்பங்கொழுந்து மெதக்கு. மொதத் தடவ தனியாப் பறந்து எறங்குன பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணிய அப்படியே தலையோட ஊத்தணும், பறக்கப் படிக்கிற எடத்துல எல்லாம் இது ஒரு வழக்கம், ஞானஸ்நானம் மாதிரின்னு பெனி சொன்னா, அவ அப்பா 'அப்படியெல்லாம் சொல்லாத'ன்னு மொறச்சாரு. போன தடவ நாங்க வந்தப்பவும் இதே வாளிதான், இதே மாதிரி நெறச்சு வச்சிருந்தாங்க. கேப்டன் கடைசி வரைக்கும் எறங்கல. கூடவே உக்காந்து நாலு சுத்து சுத்திட்டு வந்து, 'இன்னைக்கு வேண்டாங்க மேடம்'னுட்டுப் போயிட்டாரு. தண்ணிய அந்த வேப்ப மரத்துக்கு ஊத்துனாங்க. பெனி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. கூடச் சேந்த பிள்ளைக எல்லாத்துக்கும் தலை நனைஞ்சு போச்சு, இவளுக்கு மட்டும் காஞ்ச தலை. ஏத்துறது வரும், திருப்புறது வரும், மேல போயிட்டா நூல் பிடிச்ச மாதிரிப் போவா, கேப்டனே சொல்லுதாரு. எறக்கத்தான் வர மாட்டேங்கு. தரைகிட்ட வந்ததும் மூக்கக் கொஞ்சம் சீக்கிரமாத் தூக்கிருதா, பிளைட்டு எறங்காம மெதக்கு, அப்புறம் தொப்புனு விழுது. ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, இந்தத் தடவையும் ஆகலன்னா ஒக்கார வச்சுப் பேசுவோம்னு. பேசுவோம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா, நானும் எத்தனை பிள்ளைகள ஒக்கார வச்சு 'வேற குரூப் பாருட்டி, கவுரவமா இருக்கும்'னு பேசியிருக்கேன். இன்னைக்கு ஒரே ஒரு சுத்து. ஏறி, சுத்தி, ஒழுங்கா எறங்கணும். அவ்வளவுதான். அது ஆச்சுன்னா பைலட்டு. ஆகலன்னா தண்ணி வேப்ப மரத்துக்கு.

கேப்டன் கதவச் சாத்திட்டு றெக்கைக்குப் பின்பக்கமாச் சுத்தி நடந்து வாராரு, கையில ரேடியோ. பிளைட்டு நகருது. கேமரா, கேமராவ எடு ரோஸ்லின், கழுத்துல அம்மிக்கல்லாட்டம் தொங்குதே அது எதுக்கு. இந்த ஒரு போட்டோவுக்காக ஒரு வருசம் சாயங்காலக் கோர்ஸ் படிச்சிருக்கேன், பக்கத்து ஆம்பளப் பிள்ளைக காலேஜ்ல, போட்டோகிராபி சர்டிபிகேட், அம்பது வயசுக்கு மேல, ஜீன்ஸ் போட்ட பொடியன்க நடுவுல காட்டன் சேல கட்டிக்கிட்டு மொத பெஞ்சுல. காலையில நான் டீச்சர், சாயங்காலம் நான் ஸ்டூடண்ட், நடுவுல ஒரு காப்பி. தியரியில வகுப்புலயே மொத மார்க் நான்தான். இருக்காதா பின்ன, லென்ஸும் ஒளியும் நான் நடத்துற பாடமாச்சே. பிராக்டிகல்ல கடைசிக்கு ஒண்ணு முந்தி. அந்த ஆல்வின் வாத்தியார், என் பழைய ஸ்டூடண்டோட தம்பி, இத்தினியூண்டுப் பையன், ரொம்ப மரியாதையாச் சொன்னான், 'மிஸ், நீங்க படம் எடுக்கல, அளவு எடுக்கீங்க.' திமிரப் பாரு. ஆனா ஒண்ணு சொல்லிக் குடுத்தான், அதுக்காக அவனுக்கு ஆயுசு பூரா நன்றி சொல்லணும். பிளைட்ட எடுக்கறப்ப ஷட்டர் ரொம்ப வேகமா வச்சா புரொப்பல்லர் அப்படியே உறைஞ்சு நிக்குமாம், எஞ்சின் செத்துப் போயி ஆகாசத்துல நிக்கிற மாதிரி இருக்குமாம் படம். ஷட்டரக் கொறைங்க மிஸ், செகண்டுல நூத்தி இருபத்தஞ்சுல ஒரு பங்குன்னு வைங்க, பிளைட்டு போற போக்குல கேமராவையும் கூடவே பையத் திருப்புங்க, பிளைட்டு தெளிவா விழும், புரொப்பல்லர் மட்டும் வட்டமா சுத்தும்னான். அதுக்காகப் பாளை பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய நின்னு வார பஸ்ஸு போற பஸ்ஸையெல்லாம் எடுத்துப் பழகுனேன். ஒரு கண்டக்டர் பஸ்ஸ நிறுத்தியே போட்டான், 'டீச்சர், ஏறுதியளா, ஏறலையா?' ஏறலடே, போ. எறங்குறத எடுக்கணும் நான். சக்கரம் தரையத் தொடுற அந்த நேரம், அது வேணும் எனக்கு. பிரேம் போட்டு ஹால்ல மாட்டி, நாத்தனார் லில்லி வாரப்ப அவ மொகத்துக்கு நேரா இருக்கணும்.

ஓடுது. ஓடுது, வேகம் பிடிக்கு, சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து அடிக்கு. ஏறிட்டா! ஏ யப்பா, என்ன சீக்கிரமா ஏறிட்டா, எப்பவும் அந்த மரத்துகிட்டப் போயில்லா தரைய விடும், இன்னைக்கு பாதியிலயே. ஆமா, கேப்டன் எறங்கிட்டாருல்லா, மனுசன் எண்பது கிலோவாவது இருப்பாரு, அந்த எடை கொறஞ்சிருக்கு, அதே எஞ்சின், கொறஞ்ச பாரம், தூக்கத்தான் செய்யும், இது ஒண்ணாங் கிளாஸ் கணக்கு. கணக்கு தெரிஞ்சு என்ன. பிளைட்டுக்கும் தரைக்கும் நடுவுல இப்ப ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. எத்தனையோ வருசமா நானும் பெர்னூலி நடத்துதேன், போர்டுல றெக்கைய வரஞ்சு, மேல போற காத்து வளைஞ்சு போகுது, கீழ போற காத்து நேராப் போகுது, ரெண்டும் அந்தப் பக்கம் ஒண்ணா போயிச் சேரணும், அதனால மேல் காத்து வேகமாப் போகுது, அழுத்தம் கொறையுது, றெக்க தூக்குதுன்னு. கேட்டா எந்தப் பிள்ளையும் சொல்லும். பெனி இங்க சேந்து லீவுக்கு வந்தவ, இட்லியப் பிட்டுக்கிட்டே சொல்லுதா, 'யம்மா, அது தப்பும்மா. ரெண்டு காத்தும் ஒண்ணாப் போயிச் சேரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. சேரவும் சேராது. மேல் காத்து முந்தியே போயிரும். றெக்க காத்தக் கீழ தள்ளுதும்மா, அதான் காத்து றெக்கைய மேல தள்ளுது.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உனக்கு நியூட்டன் சொல்லிக் குடுத்ததே நான்தாம்ட்டி, என்கிட்டயேவான்னு கேட்டேன். சாப்பாட்டுத் தட்டோட எந்திரிச்சுப் போயி புஸ்தகத்தப் பாத்தேன், இன்னொரு புஸ்தகத்தப் பாத்தேன். அவ சொன்னதுதான் சரி. அடுத்த நாள் வகுப்புல போர்டுல வரஞ்சுட்டு, 'இத ஒரு புது ஆராய்ச்சியில இப்படிச் சொல்லுதாங்க'ன்னு ஆரம்பிச்சேன். என் மகதான் ஆராய்ச்சின்னு சொல்லல. மனசுக்குள்ள அவ்வளவு பெருமை, சாக்பீஸே ஒடஞ்சு போச்சு. தள்ளுட்டி, காத்த நல்லாக் கீழ தள்ளு, நிறுத்திராத.

திரும்பிட்டா. எதுத்தாப்புல, ஓடுபாதைக்கு இணையா, தூரத்துல போறா, கொசு மாதிரி தெரியுது, சத்தம் தேஞ்சு போச்சு. இது கொஞ்ச நேரம் சும்மா போற எடம், பயப்பட ஒண்ணுமில்ல. பயப்பட ஒண்ணுமில்லாத எடத்துலதான் எல்லாப் பயமும் வருது. லில்லி சொன்னா, 'பொம்பளப் பிள்ளைய ஆகாசத்துல விட்டுட்டு நீங்க எப்படி அண்ணி சோறு திங்கீங்க?' நல்லாத்தான் திங்கேன், ரெண்டாவது தடவ ரசம் கேட்டு வாங்கித் திங்கேன், உனக்கென்ன. எம்.எஸ்சி. சேருவான்னு எங்க காலேஜ்லயே சொல்லி வச்சிருந்தேன். பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு, பேனா மையி கையில காயல, 'யம்மா, நான் பைலட் படிக்கப் போறேன்'ங்கா. எதுக்குட்டின்னேன். 'மூணு வருசம் படிச்சதுல பறக்குறதப் பத்தி மூணு பக்கம்தாம்மா இருந்துச்சு. மிச்சத்தயும் படிக்கணும்.' சரின்னுட்டேன். அவ அப்பாதான் பேசுனாரு, அழுதாரு, பாஸ்டரக் கூட்டிட்டு வந்தாரு. பாஸ்டர் காப்பிய குடிச்சுட்டு, ஆண்டவரும் மேலதானே இருக்காருன்னுட்டுப் போயிட்டாரு. நல்ல பாஸ்டர். 'ரோஸி, எங்க போறா?'ங்காரு பெனி அப்பா, கண்ண மூடிக்கிட்டே. அந்தப் பக்கம் போறா, நேராப் போறா, நீங்க ஜெபத்தப் பாருங்கங்கேன். நேராத்தான் போறா. நேராப் போறது அவளுக்கு ரத்தத்துல இருக்கு, யாரு மக. இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல, அடிச்சுத் திருத்துனது நான். அவ பி.எஸ்சி. படிச்ச எங்க காலேஜ் லேபுல.

காம்பவுண்ட் பெண்டுலம். ஓட்ட போட்ட இரும்புப் பட்டை, அத ஒரு கத்தி முனையில தொங்க விட்டு ஆட்டி, ஆடுற நேரத்த எண்ணி, பூமி எவ்வளவு வேகமா இழுக்குன்னு கண்டுபிடிக்கணும். ஒம்பது புள்ளி எட்டு வரணும். எல்லாருக்கும் தெரியும் ஒம்பது புள்ளி எட்டுன்னு, அதுதான் வம்பே. விடைய மொதல்ல வச்சிக்கிட்டு, பின்னால கணக்குப் போட்டு, இவ்வளவு நேரம் ஆடியிருக்கணும்னு ரீடிங்க எழுதிருவாளுக. சமைக்கிறதுன்னு பேரு அதுக்கு, பிசிக்ஸ் படிச்ச எவளக் கேட்டாலும் தெரியும், சமைக்காதவ இந்த ஊருல இல்ல. என் லேபுல மட்டும் நடக்காது. அன்னைக்கு பெனியோட ரீடிங்க பாக்கேன், முப்பத்தி மூணு புள்ளி மூணு, முப்பத்தி அஞ்சு புள்ளி ஏழு, அழகா, விடை ஒம்பது புள்ளி ஏழு ஒம்பது, முத்து முத்தா. சாவி குடுக்குற பழைய ஸ்டாப்வாட்ச் அது, எங்க காலேஜ்ல இன்னும் அதான் ஓடுது, முள்ளு புள்ளி ரெண்டு, புள்ளி நாலு, புள்ளி ஆறுன்னு ரெட்டைப்படையாத்தான் தாவித் தாவிப் போகும். ஒத்தப்படை அதுல கெடையவே கெடையாது. 'பெனிட்டா, இங்க வா'ன்னேன். காலேஜுக்குள்ள நான் அவளுக்கு அம்மா இல்ல, மிஸ், அது ஒப்பந்தம். வாட்ச்ச அவ கையில குடுத்து, 'இதுல புள்ளி மூணு எங்க இருக்கு, காட்டு'ன்னேன். லேபு முழுக்கத் திரும்பிப் பாக்கு. தலையக் குனிஞ்சு, முள்ளு ஒரு சுத்து முழுக்கத் தாவி முடியுற வரைக்கும் பாத்தா. 'இல்ல மிஸ்'ன்னா. செவப்பு மையில குறுக்க ஒரே கோடு, எல்லாத்தயும் அடிச்சு, திரும்ப எடுன்னுட்டேன். எடுத்தா. மத்த பிள்ளைகளெல்லாம் போயாச்சு, வாட்ச்மேன் சாவிய ஆட்டிக்கிட்டு வாசல்ல நிக்காரு, இவ பாட்டுக்கு பட்டைய ஆட்டுதா, எண்ணுதா, எழுதுதா, மூக்கு செவந்து கெடக்கு. என்ன வந்துச்சு தெரியுமா விடை? ஒம்பது புள்ளி நாலு. தப்பு. படுமோசமான தப்பு. ஆனா அவ கையால எடுத்த தப்பு, ஒவ்வொரு ரீடிங்கும் அந்த வாட்ச்சுல உள்ளது. 'குட்'டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேசை மேரி மிஸ் 'மகளுக்குக்கூடவா இப்படி?'ன்னு கேட்டா. மகளுக்குத்தாம் மொதல்ல. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எங்கிட்டப் பேசல, சோத்துத் தட்ட மட்டும் நீட்டுனா. நீட்டட்டும். நான் செஞ்சது சரி. இன்னைக்கும் சரிதான், நாளைக்கும் சரிதான்.

திரும்பிட்டா. இங்க வாரா. வாரா, வாரா, கேமராவத் தூக்கு, நூத்தி இருபத்தஞ்சு, பாத்தியா, சரியாத்தான் இருக்கு, வேர்வையில வெரல் வழுக்குது. கேமரா வழியாப் பாக்கேன், சின்னக் கண்ணாடிக்குள்ள பிளைட்டு, ரெண்டு றெக்கையும் சமமா, மூக்கு நேரா எங்களப் பாத்து. அழகா வாராளே. கொஞ்சம் ஒசரமா வாராளோ? கேப்டனப் பாக்கேன், மொகத்துல ஒண்ணும் தெரியல, ரேடியோவ வாய்கிட்ட வச்சிருக்காரு, பேசல. ஒசரமாத்தான் வாரா. ஓடுபாதை ஆரம்பம் தாண்டியாச்சு, இன்னும் எறங்கல. வேகமும் ஜாஸ்தி. தூக்கிராத, பெனி, மூக்கத் தூக்கிராத, தூக்கிட்டா, ஆண்டவரே, தூக்கிட்டா, மெதக்கு, போச்சு, அதே மெதப்பு, ஒரு ஆள் ஒசரம்கூட இருக்காது தரைக்கு, எறங்க மாட்டேங்கு, போயிக்கிட்டே இருக்கு. வச்சிரு. வச்சிருட்டி. எப்படியாவது வச்சிரு, குதிச்சாலும் சரி, கோணினாலும் சரி, தொப்புனு விழுந்தாலும் சரி, சக்கரம் தரையில பட்டாப் போதும், எறங்கிட்டான்னு எழுதிக்கிடுவாங்க, எவன் வந்து கேக்கப் போறான். ஓடுபாதை இன்னும் கெடக்கே, பாதி கெடக்கே, அமுக்கிரு, அமுக்கி வச்சிருட்டி, யம்மா கேக்கேன்ல்லா. சத்தம். திடீர்னு எஞ்சின் அலறுது. மூக்கு மேல போகுது. எறங்கல, மேல போறா, திரும்ப மேல போறா! கையில என்னமோ 'கிளிக்'குங்குது, நான்தான் அமுக்கியிருக்கேன், என்னத்த எடுத்தேனோ. எங்க தலைக்கு நேரா, வயித்தக் காட்டிக்கிட்டு, போயிட்டா.

எந்திரிச்சுட்டேன். வாளி காலுல தட்டி தண்ணி தளும்பி செருப்பு நனைஞ்சு போச்சு. 'என்னாச்சு சார்? சார், என்னாச்சு? ஏதாவது ஒடஞ்சிருச்சா?' காலேஜ்ல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க இந்தக் கொரல. பெனி அப்பா கண்ணத் தொறந்துட்டாரு, மொத தடவையா, தொறந்து பாத்தா ஓடுபாதை காலி. கேப்டன் ஆகாசத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு, 'ஒண்ணும் ஆகலைங்க மேடம். பொறுங்க. எறங்குறது அந்தப் புள்ளைக்கே புடிக்கலை, வேண்டாம்னுட்டு மறுபடி மேல எடுத்துட்டுப் போகுதுங்க.' நீங்க சொன்னீங்களா சார், ரேடியோல? 'நான் வாயே தொறக்கலைங்க.' பின்ன? 'அதேதாங்க.' அதேதாங்கன்னா என்ன அர்த்தம்? நல்லதா கெட்டதா? சொல்லித் தொலையேன்யா, கோயமுத்தூர்க்காரரு, வார்த்தைய எண்ணி எண்ணி வைக்காரு. ஒரே ஒரு சுத்துன்னுல்லா சொன்னாங்க. ஒரு சுத்துல எறங்கலன்னா அதுக்குப் பேரு என்ன? பெயில்தானே? ஏன்ட்டி இப்படிப் பண்ணுன, கைக்கு வந்ததப் போயி விட்டுட்டியே, இன்னும் ரெண்டு முழம்தானே இருந்துச்சு. கூறு கெட்டவளே. என் வயித்துல பொறந்துட்டு இப்படிக் கோட்ட விடலாமா. மேல அவ தனியா இருக்கா, பக்கத்து சீட்டுல பெல்ட்டு மட்டும் உக்காந்திருக்கு, யாரையும் கேக்க முடியாது, அழுதாலும் தொடைக்க ஒரு கைதான் இருக்கும். அழமாட்டா. லேபுலயும் அழல, மூக்குதான் செவந்துச்சு. தண்ணி கெடக்கு வாளியில, வெயிலுக்குச் சூடாயிருச்சு, தொட்டுப் பாத்தேன், எதுக்குத் தொட்டேன்னு தெரியல. அந்த வேப்ப மரத்த வெட்டிப் போடலாம்னு வருது.

ரெண்டாந் தடவ திரும்புதா. இப்ப கேமராவத் தூக்கல. கழுத்துலயே கெடக்கட்டும் சவம். வெறுங் கண்ணால பாக்கேன். ஜெபம் பண்ணணும்னு தோணுது, என்னன்னு கேக்க? மொதத் தடவ கேட்டதுதான் நடக்கலையே. ஒண்ணும் கேக்கல, பேரு மட்டும் சொல்லுதேன், பெனி, பெனி, பெனி. பெனி அப்பா என் கையப் பிடிச்சிருக்காரு, கண்ணு தொறந்தே இருக்கு இந்தத் தடவ. தாழ வாரா. அந்தத் தூரத்து வேலி மேல சரியா வாரா, இது சரியான ஒசரம், எனக்கே தெரியுது. வேகம் கொறஞ்சிருக்கு, சத்தமே சொல்லுது. ஓடுபாதை ஆரம்பம். பைய. பைய. மூக்கத் தூக்கல. இன்னும் தூக்கல. ஏட்டி, இப்பத் தூக்கணும்லா? தூக்குதா, கொஞ்சமா, இத்தினி. சக்கரம் தட்டுது, ஒரு குதி குதிக்குது, என் உசுரும் கூடவே குதிக்குது, திரும்பத் தட்டுது, புழுதி, ஓடுது, தரையில ஓடுது, தரையில ஓடுது! பெனி அப்பா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்ங்காரு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், சரி, எஞ் சிறுக்கிக்கு ஒண்ணும் கெடையாதா? எறக்குனது அவ. என் மக. தனியா. கேப்டன் ரேடியோவக் கீழ எறக்குதாரு, மொத தடவையா எங்க பக்கம் திரும்பிப் பாக்காரு, 'மேடம், இன்னைக்குத்தான் கடைசின்னு தெரிஞ்ச புள்ள, மொத வாட்டியே எப்படியாவது அமுக்கி எறக்கத்தானுங்க பாக்கும். முக்காவாசிப் பேரு அப்படித்தான் பண்ணுவாங்க. வீல் ஒடஞ்சு போகும். எறங்குனத வச்சு நான் மார்க் போடுறதில்லைங்க, எறங்காம விட்டாங்க பாருங்க, அத வச்சுத்தான் போடுவேன். உங்க புள்ள இனி என் புள்ளைங்க.' உங்க பிள்ள எல்லாம் இல்ல சார், என் பிள்ளதான், வேணும்னா நீங்க பாதி எடுத்துக்கோங்க. சொல்லல. தலைய மட்டும் ஆட்டுதேன், கண்ணு நெறஞ்சு ஊத்துது, ரோஸ்லின் மிஸ் அழுதா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க எல்லாரையும்.

பிளைட்டு வந்து நிக்கு. புரொப்பல்லர் சுத்தி, சுத்தி, தயங்கி, நின்னுருச்சு, இப்ப நிக்கலாம், இப்ப நின்னா ஒண்ணுமில்ல. எறங்கி நடந்து வாரா. மூக்கு செவப்பா இருக்கு. கூடப் படிக்கிற பிள்ளைக எங்கெருந்தோ ஓடி வந்து கைதட்டுது, ஒருத்தி வாளியத் தூக்கப் போறா, கேப்டன் கைய நீட்டி மறிச்சு, என்னப் பாத்து, 'அம்மா ஊத்தட்டும்'ங்காரு. மொதல்ல எனக்கு ஒண்ணு கேக்கணும். பெனி வந்து எம் முன்னால நிக்கா, அப்பா அவ நெத்தியில முத்தம் குடுக்காரு, அவ என்னத்தான் பாக்கா. 'எடுத்தியாம்மா, நான் எறங்குனத?' எடுக்கலட்டி. 'ஒரு வருசம் கோர்ஸ் படிச்சில்லா?' படிச்சேன், வெறுங் கண்ணால பாத்துட்டேன். கேமராவ வாங்கிப் பாக்கா. ஒரே ஒரு படம் இருக்கு. பாதி றெக்கயக் காணோம், அடிவானம் சரிஞ்சு கெடக்கு, பிளைட்டு மூக்கத் தூக்கி மேல போகுது, புரொப்பல்லர் மட்டும் வட்டமா, தெளிவா, ஆல்வின் சொன்ன மாதிரியே சுத்துது. 'இது நான் எறங்காததும்மா'ங்கா. ஆமா. ஏன் எறங்கல, பெனி? மிச்சம் ஓடுபாதை கெடந்துச்சே? தலையக் கவுத்துக்கிட்டு, கூட நிக்கிற யாருக்கும் கேக்காம, எனக்கு மட்டும் சொல்லுதா. 'எறக்கியிருக்கலாம்மா. அமுக்கியிருந்தா எறங்கியிருக்கும், எல்லாரும் கைதட்டியிருப்பாங்க. ஆனா அது சமைச்சது. அதான் அடிச்சுட்டு, திரும்ப எடுத்தேன்.'

யம்மாடி. நானு. நானு இங்க ஒக்காந்து, எப்படியாவது வச்சிரு, எறங்கிட்டான்னு எழுதிக்கிடுவாங்கன்னுல்லா கெஞ்சிக்கிட்டு கெடந்தேன், செவப்பு மையும் கையுமா வாழ்ந்தவ. அன்னைக்கு எவ வாட்ச்ச நீட்டுனாளோ அவளே இன்னைக்கு இல்லாத புள்ளி மூணக் கேட்டிருக்கா, அன்னைக்கு எவ தலைகுனிஞ்சாளோ அவ இல்லன்னுட்டா. ஆகாசத்துல, தனியா, பக்கத்துல யாரும் பாக்காத எடத்துல. இதுக்கு மேல ஒரு டீச்சருக்கு என்ன வேணும், இதுக்கு மேல ஒரு அம்மாவுக்கு என்ன வேணும். லில்லி வரட்டும், இந்தப் படத்தத்தான் மாட்டப் போறேன், சரிஞ்சு கெடக்க அடிவானத்தோட. ஆனா பழக்க தோஷம், மொகத்தக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு, 'ரெண்டாவது எறங்குனப்ப ஒரு குதி குதிச்சுதே?'ங்கேன்.

நிமிந்து பாத்தா. செவந்த மூக்கோட சிரிக்கா. 'ஒம்பது புள்ளி நாலு, மிஸ்.'

'குட்'டுங்கேன். வாளிய ரெண்டு கையாலயும் தூக்கி, சொட்டு மிச்சம் வைக்காம, அவ தலையில ஊத்துதேன்.